தாசில்தார் நிற்கும் வாசல்

தள்ளி நிற்க வேண்டாம் தம்பி. கடிக்காது. உதைக்காது. வாலை வீசினால் ஈக்காக வீசும், உங்களுக்காக இல்லை. பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரைக்கும் ஒரு மட்டக்குதிரைக்குப் பயந்து வெயிலில் நிற்பீர்களா? நிழல் இந்தப் பாலத்துச் சுவர் ஓரம்தான். வாருங்கள். கடிக்கிற ஜீவன் வேறு ஒன்று மேலே நடுக்காடு என்கிற ஊரில் இருக்கிறது. இரண்டு கால். பேர் குழந்தைவேலு. என் பெண்டாட்டியின் தம்பி.

இதன் பேர் தாசில்தார். நான் வைத்ததில்லை, மொக்கராசு வைத்தது. மொக்கராசு எங்கள் மலையில் பொதி ஏற்றிப் பிழைத்தவன். இங்கேயிருந்து அரிசியும் உப்பும் உரமும் ஏற்றிக்கொண்டு மேலே வருவான். மேலேயிருந்து பூண்டும் பட்டாணியும் ஏற்றிக்கொண்டு கீழே போவான். வழியில் இருக்கிற ஒவ்வொரு வாசலிலும் இது தானாக நிற்கும். மூட்டை இறக்குகிற நேரம் நின்றுவிட்டுத் தானாகக் கிளம்பும். நில் என்றாலும் கேட்காது, போ என்றாலும் கேட்காது. யார் அவசரமும் அதற்கு அவசரம் இல்லை. அதனால்தான் தாசில்தார். மொக்கராசுக்கு வயதாகி மகள் வீட்டோடு போனபோது என் தொழுவத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

இதன் மேல் நான் உட்கார்ந்து வருகிறேன் என்பதை எங்கள் ஆட்கள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. எங்கள் ஊர் மேல்சோலையில் குதிரை மேல் மூட்டை ஏறும், மனிதன் ஏறமாட்டான். சவாரி எல்லாம் டவுனில், ஏரியைச் சுற்றி, தொப்பி போட்ட வெளியூர்க்காரர்களுக்கு. நாங்கள் குதிரைக்கு முன்னால் கயிற்றைப் பிடித்து நடக்கிறவர்கள்.

என்னை ஏற்றிவிட்டது என் மகன். தூக்கி ஏற்றவில்லை, வாயால் ஏற்றினான்.

போன மழைக்கு என் வலது முட்டி போய்விட்டது. பாதையில் விழுந்து கிடந்தவனைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கினவர்கள் தூக்கினதோடு நின்றிருக்கலாம். திருப்பூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டுவிட்டார்கள். தண்டபாணி வந்தான். வந்தவன் என் துணிமணிகளை மடிக்க ஆரம்பித்தான். என்னைக் கேட்காமல்!

"என்னடா பண்றே?"

"திருப்பூருக்குப் போறோம்ப்பா. இனிமே இங்க ஒத்தையில இருக்க வேணாம்."

"நான் வரல."

"அப்ப ரேஷனுக்கு, ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கீழ வருவீங்க? ஒவ்வொரு தடவையும் நாலு பேரு தூக்கணுமா?"

"குதிரையில வருவேன்."

கோபத்தில் சொன்னது. அவன் சிரித்தான் தம்பி. பெற்ற மகன், என் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான். "நீங்களா? உங்களுக்குக் கட்டில்ல ஏறினாலே தலை சுத்தும்." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "சரி. பங்குனி உத்திரத்துக்கு வர்றேன். ரோட்டுல நிப்பேன். யாரும் கயிறு பிடிக்காம நீங்களா குதிரையில வந்து இறங்குங்க. வந்துட்டா திருப்பூர்ப் பேச்சையே எடுக்க மாட்டேன். வரலேன்னா, அப்படியே என்கூட பஸ் ஏறணும்."

அவன் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரன் பல் தேய்ப்பது தெரியும். டிவி இருக்கிற அறையில் எனக்கு ஒரு கட்டில். இருமினால், தாத்தா சத்தம் போடாதே என்று பேரன் சொல்லுவான். மருமகள் நல்லவள்தான். நல்லவளாக இருந்து என்ன, அந்த மாடியில் துப்புவதற்கு ஒரு இடம் உண்டா?

அதனால் ஏறினேன்.

பயம் இல்லை. பயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜாக்கிரதை. முதல் நாள் வீட்டுச் சுவர் மேல் நின்று இதன் முதுகில் உட்கார்ந்தேன். பிடரிமயிரை இரண்டு கையாலும் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். தூசி விழும் என்று மூடினேன். மழை பெய்து நனைந்த பாதையில் தூசி ஏது என்று குழந்தைவேலு பிறகு இந்தக் குதிரையிடம் கேட்டான். அவன் கேட்பான்.

இறங்கி வரும் பாதை எப்படி என்றால், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நடுவில் நல்ல வழி இருக்கிறது. இது நடுவில் போகுமா? போகாது. பள்ளத்து விளிம்பிலேயே போகும். குளம்பு வைக்கிற இடத்துக்கு அந்தப் பக்கம் புல், புல்லுக்கு அந்தப் பக்கம் காற்று. நான் கடிவாளத்தை உள்பக்கம் இழுப்பேன். தலையை மட்டும் உள்ளே திருப்பும். காலை அதே விளிம்பில் வைக்கும். திட்டினேன். இதன் அம்மாவைத் திட்டினேன், மொக்கராசின் அம்மாவைத் திட்டினேன். காது ஆடிற்று, அவ்வளவுதான். இத்தனை சாந்தமான பிராணியைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது தம்பி. மேலே ஒருவன் உயிரைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான், கீழே இது புல்லைக் கடித்து மென்றுகொண்டு போகிறது.

அப்படிக் கத்திக்கொண்டே நடுக்காட்டுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே போய் ஒரு வாசலில் நின்றது. யார் வாசல்?

கண்ணைத் திறந்தால் குழந்தைவேலு. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறான்.

அவனோடு நான் பேசுவதில்லை. என் மகள் பூங்கொடிக்குக் காது குத்திய நாளிலிருந்து பேசுவதில்லை. அந்தப் பூங்கொடிக்கே இன்று வளர்ந்த பிள்ளைகள். நீங்களே நியாயம் சொல்லுங்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும். இவன் ஒருவன்தான் தாய்மாமன். வந்தானா? வரவில்லை. ஆசாரி கம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நல்ல நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, வந்தவர்கள் எல்லாம் பாதையைப் பார்க்கிறார்கள். கடைசியில் என் பங்காளி மடியில் வைத்துக் குத்தினோம். என் பெண்டாட்டி அன்றைக்கு ஒரு வாய் சாப்பிடவில்லை. தம்பி செய்த துரோகம் அவளை அப்படித் தாக்கிவிட்டது.

சொல்லவில்லையா என்று கேட்காதீர்கள். சொன்னேன். மொக்கராசு கீழே போகும்போது, "அப்படியே குழந்தைவேலு வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடு" என்று சொல்லி அனுப்பினேன். ஊரில் மற்ற எல்லா வீட்டுக்கும் நானே தட்டில் வெற்றிலைபாக்கு வைத்துக்கொண்டு போனேன். அது மரியாதை. வெளியாட்களுக்கு மரியாதை செய்யாவிட்டால் பேசுவார்கள். இவன் வீட்டு ஆள். சொந்த அக்காள் பிள்ளைக்குக் காது குத்துக்கு வர இவனுக்குத் தட்டு வேண்டுமா? என்ன திமிர் பாருங்கள். என் பெண்டாட்டி செத்தபோது வந்தான். பிறந்த வீட்டுக் கோடித்துணி போட்டான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் எதற்குப் பார்க்கிறேன்?

அந்த வாசலில்தான் இது போய் நின்றது. இறங்கலாம் என்றால் முட்டி மடங்காது. கால் வைத்து இறங்க ஒரு மேடு வேண்டும். என் வீட்டில் சுவர் இருக்கிறது, இங்கே நீங்கள் உட்கார்ந்திருக்கிற பாலத்துச் சுவர் இருக்கிறது. அவன் வாசல் வழித்து மெழுகின மாதிரி தட்டை. போகலாம் என்றால் இது நகராது. அரிசி மூட்டை இறக்குகிற நேரம் ஆகவேண்டும். நான் அவன் வாசலில், குதிரை மேல், கடை பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. குதிரையிடம் பேசினான்.

"என்ன தாசில்தாரே, இன்னைக்கு மூட்டை பெருசா இருக்கு? உள்ள என்ன, பூண்டா? வாடை அப்படித்தான் இருக்கு."

நானும் குதிரையிடமே பேசினேன். "ஏ தாசில்தாரு, கண்ட கண்ட வாசல்ல நிக்காத. தட்டு வச்சுக் கூப்பிட்டாத்தான் வருவேங்கிற ஆளுக இருக்கிற வாசல் இது."

"தாசில்தாரே, நீங்க பாவம். கூப்பிடாமலே வர்ற ஆளையெல்லாம் சுமக்கிறீங்க."

பார்த்தீர்களா, வாய். இது காதை ஒருமுறை அவன் பக்கம், ஒருமுறை என் பக்கம் திருப்பியது. நேரம் ஆனதும் கிளம்பிவிட்டது. நான் பதில் சொல்லப் பாதி வாயைத் திறந்திருந்தேன்.

வாரா வாரம் இதே கதை. சந்தை நாள் தவறாமல் பழகவேண்டும் என்று மகனிடம் வீம்பு பேசியாயிற்று. ஒவ்வொரு வாரமும் கீழே போகும்போது ஒருமுறை, மேலே வரும்போது ஒருமுறை இவன் வாசலில் நிற்கவேண்டும். இரண்டாவது தடவையே குதிரைக்கு என்று ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தான். அதற்கு அடுத்த தடவை வெல்லக்கட்டி. அப்புறம் பாருங்கள், குதிரைக்கு என்று ஒரு டம்ளரில் பால் விடாத கட்டங்காப்பி. என் கை எட்டுகிற உயரத்தில் வேலிக்கம்பத்தின் மேல் வைத்துவிட்டு, "தாசில்தாரே, சூடு ஆறிடப் போகுது" என்கிறான். குதிரை காப்பி குடிக்குமா? அவனுக்கு அந்த அறிவுகூட இல்லை. வீணாகப் போகிறதே என்று நான் குடித்தேன். சுக்கு தட்டிப் போட்டிருந்தான். என் பெண்டாட்டி போடுகிற மாதிரியே. அவள் வீட்டுப் பழக்கத்தைக் காட்டி என்னைக் குத்துகிறானாம்.

பள்ளத்து ஓரத்து விஷயத்தையும் அவன்தான் சொன்னான். என்னிடம் இல்லை, இதனிடம். "தாசில்தாரே, உங்களுக்குத் தெரியாததா? ரெண்டு பக்கமும் மூட்டை கட்டியிருந்தா உள்பக்கம் போனாப் பாறையில இடிக்கும். அதான் ஆயுசு பூரா வெளி ஓரமாப் போய்ப் பழகிட்டீங்க. மேல உக்காந்திருக்கிறதையும் மூட்டைன்னுதான் நெனச்சுட்டு இருக்கீங்க. மூட்டை ஒருநாளும் விழுந்ததில்ல. ஏன்னா அது ஆடாது, கத்தாது."

என்னை மூட்டை என்றான். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கோபத்திலேயே அன்றைக்கு ஆடாமல், கத்தாமல் உட்கார்ந்தேன். இவனுக்கு ஒரு பேச்சுக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று. அதற்கு அடுத்த வாரம் ஒரு கண்ணைத் திறந்தேன். அப்புறம் ஒரு கையை எடுத்து மூக்கைத் துடைத்தேன். குதிரை மேல் போய்க்கொண்டே மூக்கைத் துடைத்தேன் தம்பி! ஒருநாள் தூறல் போட்டது, குடை பிடித்துக்கொண்டு வந்தேன். இவனுக்கு நான் கடன்படவில்லை. எல்லாம் என் கோபம் கற்றுக்கொடுத்தது.

ஆனால் அவன் அதோடு விட்டானா? நடுக்காட்டுக்குக் கீழே ஒட்டுப்பாறை என்று ஒரு இடம். பாறை வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும், பாதை ஒரு ஆள் அகலம்தான். அங்கே வரும்போதெல்லாம் என் கை தானாகப் பிடரிமயிருக்குப் போய்விடும். அதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான். களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, தோட்டத்துக்குப் போகிற மாதிரி கூடவே நடக்க ஆரம்பித்தான். அவன் தோட்டம் வீட்டுக்கு மேல் பக்கம். கீழே அவனுக்கு என்ன வேலை? எனக்குத் தெரியாதா? நான் பயந்துபோய் முழிப்பதை அருகில் இருந்து பார்க்கவேண்டும்.

நடந்தவன் ஒழுங்காகப் பாறைப் பக்கம் நடந்தானா? பள்ளத்துப் பக்கம். குதிரைக்கும் பள்ளத்துக்கும் நடுவில், அந்தப் புல்லின் மேல், பாதி கால் காற்றில் இருக்க நடப்பான். ஏன்? நான் விழுந்தால் முதலில் அவன் பார்க்கவேண்டும், அதற்காக. என் தொடைப் பக்கம் ஒரு கையை நீட்டி வைத்துக்கொண்டே வருவான். தொடமாட்டான். தொட்டால் நான் திட்டுவேன் என்று தெரியும். வாய் மட்டும் ஓயாது. "தாசில்தாரே, மூட்டை கொஞ்சம் இளகி உக்காந்தா உங்களுக்கு முதுகு வலிக்காது." ஒட்டுப்பாறை தாண்டினதும், வந்த வேலை முடிந்த மாதிரி திரும்பிப் போய்விடுவான். போகிறவனிடம் களைக்கொத்தில் ஒரு பொட்டு மண் இருக்காது.

இப்படியே பங்குனி உத்திரம் வந்தது.

அன்றைக்கு நான் ஒரு முடிவோடு ஏறினேன். மகன் கீழே நிற்கிறான். நான் நானாக வந்து இறங்கவேண்டும். இவன் காப்பியும் வேண்டாம், கூடவே வந்து பல்லைக் காட்டவும் வேண்டாம். பிறகு ஊரெல்லாம் போய், "நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்" என்று சொல்லுவான். சொல்லுகிற ஆள்தான். அதனால் மூன்று வாரமாக ரகசியமாகப் பழகிவைத்திருந்தேன். வாசல் வருவதற்கு முன்பே கடிவாளத்தைக் குட்டையாகப் பிடித்து, குதிகாலால் விலாவில் தட்டி, நாக்கைச் சொடுக்கினால் இது நிற்காமல் போகும். மற்ற வீடுகளில் பார்த்துவிட்டேன்.

குழந்தைவேலு வாசலில் நின்றான். வெள்ளை வேட்டி கட்டியிருந்தான். எதற்கோ. கையில் டம்ளர். தோளில் களைக்கொத்து இல்லை.

தட்டினேன். சொடுக்கினேன். தாசில்தார் ஒரு நொடி யோசித்தது. பிறகு அந்த வாசலைத் தாண்டி நடந்தது. நான் நேராகப் பார்த்துக்கொண்டு போனேன். "தாசில்தாரே" என்று பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஒரே ஒரு தடவை. நான் திரும்பவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒட்டுப்பாறை வந்தது. இது வழக்கம்போல விளிம்புக்குப் போனது. நானும் வழக்கம்போல அந்தப் பக்கம் பார்த்தேன், ஏதாவது பேசுவானே என்று.

ஆள் இல்லை. பள்ளம்தான் இருந்தது.

அன்றைக்குத்தான் தம்பி அதை முழுசாகப் பார்க்கிறேன். கீழே மரங்கள் வெற்றிலை அளவுக்குத் தெரிகின்றன. கழுகு என் காலுக்குக் கீழே பறக்கிறது. ஏறும்போது என் கண் மேட்டை விட்டு நகராது. அத்தனை வாரமும் இறங்கும்போது நான் பார்த்தது அவன் முண்டாசையும் தோளையும்தான். பள்ளத்தை என் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டே நடந்திருக்கிறான். என்ன வஞ்சகம் பாருங்கள். முன்பே பார்த்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருக்க மாட்டேனா? கடைசி நாளில், தனியாக, மொத்தமாகப் பார்க்கவைத்துவிட்டான்.

கை பிடரிமயிருக்குப் போனது. பாதியில் நிறுத்தினேன். மூட்டை ஆடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தமாகவே சொன்னேன். இந்தப் பிராணி மூச்சைக்கூட மாற்றவில்லை. இதன் வயிறு ஏறி இறங்குவது என் காலில் தெரிந்தது. நிதானமாக, உரலில் மாவு ஆட்டுகிற மாதிரி. அந்த மூச்சோடு என் மூச்சையும் விட்டேன். தாண்டிவிட்டோம்.

தண்டபாணி இங்கேதான் நின்றான், இந்தப் பாலத்தில். நான் சுவர் ஓரம் நிறுத்தி, நானே இறங்கினேன். வாயைப் பிளந்தான். பிறகு என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தான்.

"மாமா வரலையாப்பா? வர்றேன்னாரே."

"எந்த மாமா?" என்றேன்.

மகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அதைச் சொல்லத்தான் வேண்டும். திருப்பூர்ப் பேச்சை எடுக்கவில்லை. முட்டிக்குத் தைலமும் ஒரு தொப்பியும் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டான். தொப்பி! ஏரிக்கரைக்காரன் மாதிரி.

நான் மலையிலேயே இருக்கலாம். சந்தோஷமாகத்தானே மேலே போயிருக்கவேண்டும்? போகும்போது இது நடுக்காட்டு வாசலில் நின்றது. தட்டியிருக்கலாம். ஏற்றத்தில் வந்த குதிரைக்கு இளைக்கும், பாவம், நிற்கட்டும் என்று விட்டேன். வேலிக்கம்பத்தில் டம்ளர் இல்லை. குழந்தைவேலு வெளியே வந்தான். இந்தத் தடவை குதிரையைப் பார்க்கவில்லை. என் முகத்துக்கு நேராகப் பார்த்தான்.

"மாமா. அதான் தாண்டிப் போகத் தெரிஞ்சுபோச்சுல்ல? அப்புறம் இங்க எதுக்கு நிக்கிறே?"

அத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னோடு பேசுகிற முதல் பேச்சு தம்பி.

"நானா நிக்கிறேன்? குதிரை நிக்குது."

"வேட்டி கட்டிட்டு விடியக்காலையிலிருந்து வாசல்ல நின்னவன் கிறுக்கனா? தண்டபாணி முன்னாடி உன்கூட வந்து நிக்கணும்னு நெனச்சேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும். அன்னைக்கும் இப்படித்தான். புதுவேட்டி கட்டி, பிள்ளைக்குச் சீரு வாங்கி வச்சுட்டு, நீ வந்து கூப்பிடுவேன்னு இதே வாசல்ல நின்னேன். பொழுது சாயுற வரைக்கும் நின்னேன்."

"மொக்கராசுகிட்டச் சொல்லி விட்டேன்ல?"

"அரிசி மூட்டைக்குச் சொல்லி விடுவாங்க மாமா. தாய்மாமனுக்குச் சொல்லி விடுவாங்களா? அக்கா முகத்துக்காகக்கூட உனக்குக் கால் இறங்கலையா?"

என் பெண்டாட்டியை இழுத்துவிட்டான். எனக்கு வந்ததே கோபம். "டேய் மாப்ள" என்றேன். எவ்வளவு சத்தம் என்றால் பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிட்டது. அவனுக்குச் சரியான பதில் ஒன்று என்னிடம் இருந்தது. அவன் வாயை அடைக்கிற பதில். அதைச் சொல்ல மூச்சை இழுத்தேன். இந்தப் பாழாய்ப்போன தாசில்தார் கிளம்பிவிட்டது! மூட்டை இறக்குகிற நேரம் ஆகிவிட்டதாம். கடிவாளத்தை இழுக்கிறேன், நிற்கவில்லை. நான் திரும்பித் திரும்பிக் கத்துகிறேன், அவன் வாசலிலிருந்து கத்துகிறான், வளைவில் பாறை வந்து மறைத்துவிட்டது. பாதிச் சண்டையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

ஒரு வாரம் ஆயிற்று. அந்தப் பதிலைத் தின்னவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கொஞ்சம் மாற்றிக்கூட வைத்திருக்கிறேன், இன்னும் நன்றாக. சில நேரம் சொல்லிப் பார்க்கும்போது அதற்கு அவன் என்ன சொல்லுவான் என்று தோன்றுகிறது, அது கொஞ்சம் சரியாகவும் படுகிறது, உடனே வேறு மாதிரி மாற்றுகிறேன்.

காலையில் இறங்கி வரும்போது அவன் வாசலில் நின்றோம். ஆள் வெளியே வரவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. இது நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறைக்கல்லை உருட்டிக்கொண்டு வந்து போட்டு வைத்திருக்கிறான். மேலே தட்டையாக, என் இடுப்பு உயரம். ஏறி இறங்கப் படி மாதிரி ஒரு சின்னக் கல் பக்கத்தில். ஆடாமல் இருக்க அடியில் சல்லி வேறு கொடுத்திருக்கிறான். அதை உருட்ட எத்தனை ஆள் பிடித்தானோ. எதற்கு என்று நினைக்கிறீர்கள்? குதிரை அதில் இடித்துக்கொண்டு என்னைக் கீழே தள்ளவேண்டும். வேறு எதற்கு?

அவன் நினைத்தது நடக்காது. எனக்கு இப்போது சவாரி தெரியும். மேலே போனதும் அதே கல்லில் கால் வைத்து இறங்கப்போகிறேன். இறங்கி, கடிவாளத்தை அவன் வேலியிலேயே கட்டிவிட்டு, நேராக வீட்டுக்குள் போய், அவன் அடுப்படியில் உட்கார்ந்து, சொல்லவேண்டியதை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். விடியும்வரை ஆனாலும் சரி. இது மட்டும் எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்கிறேன்.

உங்கள் பஸ் சத்தம் கேட்கிறது. கொஞ்சம் எழுந்து நகருங்கள் தம்பி, அந்தச் சுவரில் ஏறித்தான் நான் இதன் மேல் உட்காரவேண்டும். பிடிக்க வேண்டாம். பிடிக்க வேண்டாம் என்கிறேன்! கையை எடுங்கள்.